இருபது நாற்காலிகளும் ஓர் உண்டியல் கணக்கும்

2020 மார்ச் 2ஆம் தேதி ஸ்டீம் என்ற பிளாக்செயினில் ஓர் ஆட்சி மாற்றம் நடந்தது. தேதி அறிவிப்பு இல்லை, பிரசாரம் இல்லை, வாக்குச்சாவடியும் இல்லை. அந்தச் சங்கிலியை நடத்திவந்த இருபது பேரும் ஒரே நாளில் பதவியிழந்தார்கள். முந்தைய நாள்வரை யாரும் கேள்விப்படாத இருபது கணக்குப் பெயர்கள் அவர்கள் இடத்தில் வந்து உட்கார்ந்தன. நிரலில் எழுதப்பட்ட விதி எதுவும் மீறப்படவில்லை. தனக்குச் சொல்லப்பட்டபடி அது வாக்குகளைக் கூட்டியது, அதிகம் பெற்ற இருபது பேருக்குப் பதவி கொடுத்தது.

ஒரு பிளாக்செயின் சமூகத்தை ஆளத் தேர்தல் வைத்து மன்றம் அமைப்பதைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்த நாளிலிருந்துதான் தொடங்குவேன். மன்றத்தில் எத்தனை பேர், பதவிக்காலம் எவ்வளவு, யாருக்குத் தகுதி உண்டு என்றெல்லாம் மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். விழுந்த வாக்குகளை எந்தக் கணக்கில் நாற்காலிகளாக மாற்றுவது என்பதை மட்டும் கடைசி நேரத்து வேலையாகத் தள்ளிவைத்துவிடுகிறோம். ஸ்டீம் கவிழ்ந்தது அந்த இடத்தில்தான்.

முதலில், மன்றம் எதற்கு? பிளாக்செயின் என்பது உலகெங்கும் சிதறிக் கிடக்கும் கணினிகள் சேர்ந்து எழுதும் ஒரு பேரேடு. ஒவ்வொரு கணினியிலும் அதே நகல். புதிய பக்கம் சேரும்போது எல்லாரும் அதே பக்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாளி கிடையாது. முதலாளி இல்லாவிட்டாலும் முடிவெடுக்க வேண்டிய வேலைகள் இருக்கத்தான் செய்கின்றன. மென்பொருளில் ஓட்டை தெரிந்தால் யார் அடைப்பது? பொதுக் கருவூலத்தில் சேரும் பணத்தை எந்த வேலைக்குக் கொடுப்பது? 2016 ஜூன் 17 அன்று எத்தீரியம் என்ற சங்கிலியில் ‘தி டாவ்’ என்ற கூட்டு நிதியிலிருந்து ஏறத்தாழ 36 லட்சம் ஈத்தர் நாணயங்களை ஒருவர் நிரலின் ஓட்டை வழியே உருவிக்கொண்டார். திருப்பி எடுப்பதா, எழுதியது எழுதியதுதான் என்று விடுவதா? யார் தீர்மானிப்பது என்றே தீர்மானித்து வைத்திருக்கவில்லை. ஒரு மாதம் சச்சரவு. ஜூலை 20இல் பணத்தை மீட்கும்படி சங்கிலியின் விதி மாற்றப்பட்டது. அதை ஏற்காதவர்கள் பழைய பேரேட்டையே தொடர்ந்தார்கள். இன்று எத்தீரியம் என்றும் எத்தீரியம் கிளாசிக் என்றும் இரண்டு சங்கிலிகள் இருப்பது அப்படித்தான்.

சரி, எல்லாரும் வாக்களித்து ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றால், ‘எல்லாரும்’ யார் என்பதே சிக்கல். பிளாக்செயினில் ஆளைத் தெரியாது, முகவரிதான் தெரியும். முகவரி என்பது ஒரு நீண்ட எண். மடிக்கணினியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் லட்சம் முகவரிகளை உருவாக்கலாம், செலவே இல்லை. முகவரிக்கு ஒரு வாக்கு என்றால் ஒரே ஆள் ஒரு மாநகரமாகி வந்து நிற்பார். கள்ள வாக்கைத் தடுக்க வாக்காளர் பட்டியல் வேண்டும், பட்டியலுக்கு அடையாள அட்டை வேண்டும், அட்டை கொடுக்க ஓர் அலுவலகம் வேண்டும். அந்த அலுவலகமே முதலாளியாகிவிடும். அதனால்தான் பெரும்பாலான சங்கிலிகள் நாணயத்துக்கு ஒரு வாக்கு என்று வைத்துக்கொண்டன. முகவரியைப் பெருக்கலாம், நாணயத்தைப் பெருக்க முடியாது. நூறு நாணயத்தை நூறு முகவரிகளில் பிரித்து வைத்தாலும் வாக்கு நூறுதான். இது பணக்காரருக்குச் சாதகமான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கள்ள வாக்கு முடியாது என்ற ஒரே பலத்தில் நிற்கிறது.

ஸ்டீமிலும் அதே ஏற்பாடுதான். மூன்று விநாடிக்கு ஒரு புதிய பக்கம் எழுதப்படும். எழுதும் பொறுப்பு ‘சாட்சிகள்’ என்று அழைக்கப்பட்ட இருபது பேரிடமும், சுழற்சியில் வரும் ஒரு மாற்று ஆளிடமும் இருந்தது. சங்கிலியின் விதியையே மாற்ற 17 சாட்சிகள் சம்மதிக்க வேண்டும். நாணயத்தைப் பூட்டி வைத்தவர்களுக்கு வாக்குரிமை. ஒருவர் அதிகபட்சம் 30 சாட்சிகளுக்கு ஒப்புதல் தரலாம். இங்கேதான் கவனிக்க வேண்டும்: அவருடைய முழுப் பலமும் அந்த முப்பது பேரில் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேரும். ஆயிரம் நாணயம் இருந்தால் முப்பது பேருக்கும் ஆளுக்கு ஆயிரம். பங்கு போடுவதே இல்லை.

2020 பிப்ரவரியில் டிரான் சங்கிலியின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். சங்கிலி தொடங்கிய நாட்களில் அந்த நிறுவனம் தனக்கென்று எடுத்து வைத்திருந்த பெரும் பங்கும் சேர்ந்தே கைமாறியது. மொத்த நாணயத்தில் சுமார் ஐந்தில் ஒன்று. அதை வாக்களிக்கப் பயன்படுத்துவதில்லை என்பது அதுவரை சமூகம் நம்பியிருந்த ஏற்பாடு. புது உரிமையாளர் அதை மதிப்பாரா என்று பயந்த சாட்சிகள் ஒரு மென்பொருள் மாற்றத்தால் அந்தப் பங்கை முடக்கினார்கள். பதிலடி மார்ச் 2இல் வந்தது. பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய மூன்று பரிவர்த்தனை நிலையங்கள், வாடிக்கையாளர்கள் தங்களிடம் நம்பிக் கொடுத்து வைத்திருந்த ஸ்டீம் நாணயங்களைப் பூட்டி அவற்றின் பலத்தில் வாக்களித்தன. கூட்டுறவு வங்கியில் நாம் போட்ட சேமிப்பைக் காட்டி, வங்கியே நம் பெயரில் சங்கத் தேர்தலில் கைதூக்கியது போன்றது இது. பூட்டியதை 13 வாரத் தவணைகளில்தான் வெளியே எடுக்க முடியும் என்பதால், சொந்தப் பணத்தை எடுக்க வந்தவர்களும் அவதிப்பட்டார்கள். பைனான்சும் ஹுவோபியும் பிற்பாடு வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

பேச்சு முழுக்க நிலையங்களின் நம்பிக்கைத் துரோகத்தைப் பற்றியே இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் இருபது நாற்காலிகளில் இருபதும் ஏன் போயின? பத்தோ பன்னிரண்டோ போயிருக்கலாமே?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலிகள் மூன்று, நாணயங்கள் நூறு. அறுபது நாணயம் வைத்திருக்கும் தரப்பு அ, ஆ, இ என்ற மூவரை ஆதரிக்கிறது. நாற்பது நாணயத் தரப்பு க, ச, த என்ற மூவரை. ஸ்டீம் கணக்கில் அ, ஆ, இ மூவருக்கும் தலா 60. மற்ற மூவருக்கும் தலா 40. மூன்று நாற்காலியும் பெரிய தரப்புக்கு. நாற்பது சதவீதம் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. நாற்காலி மூன்றானாலும் இருபதானாலும் கதை இதுதான். எதிர்த் தரப்பைவிட ஒரு நாணயம் கூடுதலாக இருந்தால் போதும், மொத்தமும் வாரிக்கொண்டு போகலாம்.

இப்போது அதே வாக்குகளை வேறு விதமாக எண்ணுவோம். ஒவ்வொரு நாணயத்துக்கும் ஓர் உண்டியல் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு ரூபாய் தானாக விழும். ஒரு நாற்காலியின் விலை 120 ரூபாய். ஒரு வேட்பாளரை ஆதரிக்கும் உண்டியல்களில் சேர்ந்த தொகை 120 ஆனதும் அவருக்கு நாற்காலி வாங்கப்படும், அந்த உண்டியல்கள் காலியாகும். இரண்டாவது நிமிடம்: அறுபது உண்டியல்களில் இரண்டிரண்டு ரூபாய், 120 சேர்ந்துவிட்டது, அ வென்றார். மூன்றாவது நிமிடம்: நாற்பது உண்டியல்களில் மும்மூன்று ரூபாய், அங்கும் 120, க வென்றார். நான்காவது நிமிடம்: காலியான அறுபது உண்டியல்களில் மறுபடி இரண்டிரண்டு சேர்ந்தது, ஆ வென்றார். மூன்று நாற்காலியும் முடிந்தது, இரண்டுக்கு ஒன்று. ஐந்து நாற்காலி இருந்தால்? ஆறாவது நிமிடத்தில் இரண்டு தரப்பிலும் ஒரே சமயத்தில் 120 சேரும். இ, ச இருவரும் உள்ளே வருவார்கள். மூன்றுக்கு இரண்டு, அறுபதுக்கு நாற்பது என்பதும் அதேதான்.

இந்தக் கணக்கில் கட்சி என்ற சொல்லே வரவில்லை. யார் எந்த அணி என்று நிரலுக்குத் தெரிய வேண்டியதில்லை. யாரை யார் ஆதரித்தார்கள் என்பது மட்டும் போதும். ஒரு நாற்காலிக்குச் செலவழித்தவர் அடுத்ததற்கு மறுபடி சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஸ்டீமில் இந்தக் கணக்கு இருந்து, வாக்களித்த பங்கில் பாதியையே ஒருவர் கையில் வைத்திருந்தாலும் கிடைத்திருப்பது ஏறத்தாழ பத்து நாற்காலி. விதியை மாற்றத் தேவையான 17ஐ எட்டியிருக்காது.

இந்த உண்டியல் கணக்கைக் கண்டுபிடித்தவர் கணினியைப் பார்த்ததே இல்லை. அவர் எட்வர்ட் ஃபிராக்மென், ஸ்வீடன் நாட்டுக் கணிதவியலாளர், 1863இல் பிறந்தவர். பிழை பிடிப்பதில் அபாரமான கண். 1889இல் ஸ்வீடன் அரசர் இரண்டாம் ஆஸ்கரின் பிறந்தநாள் பரிசை வென்ற ஹென்றி புவான்காரேயின் ஆய்வுக் கட்டுரையை அச்சுக்குத் தயார் செய்தபோது, சில இடங்கள் புரியவில்லை என்று விளக்கம் கேட்டவர் இந்த இளைஞர்தான். பதில் எழுத உட்கார்ந்த புவான்காரே தன் கட்டுரையில் பெரிய தவறு இருப்பதைத் தானே கண்டுகொண்டார். அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட அவர் கொடுத்த பணம் பரிசுத் தொகையைவிட அதிகம். திருத்திய அந்தக் கட்டுரையிலிருந்துதான் இன்று ஒழுங்கின்மைக் கோட்பாடு என்று சொல்லப்படும் துறையின் வேர் தொடங்குகிறது.

அதே ஃபிராக்மென் 1894இல் தேர்தல் கணக்கைப் பற்றி எழுதினார். அவர் ஊரில் அதற்குக் காரணம் இருந்தது. ஸ்டாக்ஹோம் நகரத்துக்கு நாடாளுமன்றக் கீழவையில் 22 இடங்கள். 1887 செப்டம்பர் தேர்தலில் தடையற்ற வணிகத்தை ஆதரித்த அணி பட்டியல் போட்டு இருபத்திரண்டையும் வென்றது. பிறகு ஒரு சிக்கல் கிளம்பியது. பட்டியலில் இருந்த ஒரு வேட்பாளர் 11 குரோனர் சொச்சம் வரிபாக்கி வைத்திருந்தார். அவருக்குப் போட்டியிடத் தகுதி இல்லை. அவர் பெயர் இருந்த வாக்குச்சீட்டுகள் அத்தனையும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எதிரணியின் 22 பேரும் உள்ளே போனார்கள், கீழவையின் பெரும்பான்மையே மாறியது, நாட்டின் வணிகக் கொள்கையும் திரும்பியது. ஒரு பக்கம் இருபத்திரண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் இருபத்திரண்டும்! ஸ்டீமில் நடந்ததற்கு 133 ஆண்டுகளுக்கு முன்பே, மின்சார விளக்குகூடப் பரவாத காலத்தில், அதே நோய்.

ஃபிராக்மென் எழுதியதை எடுத்துத் தூசி தட்டி ஒரு பிளாக்செயினின் நிரலில் ஏற்றியது போல்காடாட். எத்தீரியத்தின் இணை நிறுவனர்களில் ஒருவரான கேவின் உட் 2016இல் வடிவமைத்தது. 2020 மே 26 அன்று இயங்கத் தொடங்கியது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது மன்றத்தை அவர்கள் அமைத்த வரிசை. முதலில் எதையும் மாற்றக்கூடிய ஒரு தலைமைச் சாவியை ஸ்விட்சர்லாந்தின் வெப்3 அறக்கட்டளை வைத்திருந்தது. சங்கிலியைச் சரிபார்க்கும் கணினிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை முதலில் ஓடவிட்டார்கள். ஜூலையில் மன்றம் வந்தது. ஜூலை 20இல் தலைமைச் சாவி நிரலிலிருந்தே நீக்கப்பட்டது. நாணயத்தைக் கைமாற்றும் வசதி ஆகஸ்ட் 18இல்தான் திறந்தது. சந்தை கூடுவதற்கு முன்பே பஞ்சாயத்து உட்கார்ந்துவிட்டது. பல சங்கிலிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. விலை ஏறி, பெரும்புள்ளிகள் உருவான பிறகு மன்றம் அமைக்கிறார்கள். அதற்குள் யார் ஆள வேண்டும் என்பதைப் பணம் தீர்மானித்திருக்கும்.

போல்காடாட் மன்றத்தில் 13 உறுப்பினர்கள் இருந்தார்கள். பதவிக்காலம் ஏழே நாள். வாராவாரம் தேர்தலா என்று மலைக்க வேண்டாம். வாக்காளர் ஒருமுறை தன் ஒப்புதல் பட்டியலைப் பதிந்து வைத்தால், மாற்றும்வரை அதுவே நிற்கும். வாரம் ஒருமுறை நிரல் ஃபிராக்மென் கணக்கை ஓட்டிப் பார்க்கும். நம்பிக்கை இழந்த உறுப்பினர் அடுத்த வாரமே வெளியே போவார். போட்டியிட 100 டாட் நாணயம் முன்பணம். வென்றவர் பட்டியலிலும் காத்திருப்போர் பட்டியலிலும் இடம் கிடைக்காதவருக்கு டெபாசிட் போய்விடும். நம் ஊர்த் தேர்தல் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்கு வராத உறுப்பினர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மன்றத்தில் பரவலான ஆதரவு பெற்ற ஒருவர் முதன்மை உறுப்பினர். வாக்களிக்காமல் விட்டவர்களின் வாக்கு அவர் பக்கமே சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். கருவூலத்திலிருந்து பணம் கொடுக்க ஐந்தில் மூன்று பங்கு, அதாவது எட்டுப் பேர் சம்மதிக்க வேண்டும்.

மன்றத்தின் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதையும் கணக்கிலேயே பொதிந்து வைத்திருந்தார்கள். பெரிய மாற்றங்கள் நாணயம் வைத்திருப்போர் அனைவரின் பொதுவாக்கெடுப்புக்குப் போகும். யார் கொண்டுவந்த தீர்மானம் என்பதைப் பொறுத்து வெற்றிக்கோடு நகரும். மொத்த நாணயத்தில் கால்வாசிதான் வாக்களித்தது என்று வையுங்கள். பொதுமக்களில் ஒருவர் கொண்டுவந்த தீர்மானமானால், எதிர்ப்பைப் போல இரு மடங்கு ஆதரவு இருந்தால்தான் நிறைவேறும். மன்றம் ஒருமனதாகக் கொண்டுவந்தது என்றால், ஆதரவைப் போல இரு மடங்கு எதிர்ப்பு இருந்தால்தான் தோற்கும். கூட்டம் கூடக்கூட இரண்டு கோடுகளும் பாதியை நோக்கி நெருங்கும். எல்லாரும் வாக்களித்துவிட்டால் மன்றத்துக்கென்று தனிச் சலுகை எதுவும் மிஞ்சாது. கூட்டம் குறைவாக இருக்கும்போது தேர்ந்தெடுக்கப்பட்டவரின் சொல்லுக்கு மதிப்பு. மக்களே திரண்டு வந்தால் மக்களின் சொல்லுக்கு. இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை எந்த நாட்டு அரசியலமைப்பிலும் நான் பார்த்ததில்லை.

வாக்கெடுப்பு வென்றால் அதை அமல்படுத்த அதிகாரி தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போல்காடாட்டை இயக்கும் நிரலே சங்கிலிக்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது. தீர்மானம் நிறைவேறினால் குறித்த நேரத்தில் நிரல் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். அரசாணைக்கும் செயலுக்கும் நடுவே கோப்பு நகரும் தூரமே கிடையாது. ஆகவே தவறாகத் தேர்ந்தெடுத்த மன்றத்தைத் தாமதமோ சோம்பலோ தடுக்காது. எண்ணும் முறை சரியாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இவ்வளவு கவனமாகக் கட்டிய மன்றம் மூன்று ஆண்டுகள்தான் இருந்தது. 2023 ஜூனில் போல்காடாட் சமூகமே வாக்களித்து அதைக் கலைத்தது. ஊழலோ கைப்பற்றலோ காரணம் இல்லை. நெரிசல்தான் காரணம். வாக்கெடுப்பு ஒன்று 28 நாள் நடக்கும், அவசரம் தவிர ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஆண்டுக்குப் பதின்மூன்று முடிவு. கருவூல விண்ணப்பங்கள் ஒவ்வொன்றும் பதின்மூன்று பேரின் மேசை வழியாகப் போக வேண்டும். பரவலாக்கத்தைக் கொள்கையாகக் கொண்ட இடத்தில் இது குறுகிய வாசல் என்று கேவின் உட் வாதாடினார். புதிய ‘ஓப்பன்கவ்’ முறையில் யாரும் தீர்மானம் கொண்டுவரலாம், பல ஒரே நேரத்தில் ஓடலாம், ஆபத்து அதிகமான தீர்மானத்துக்குத் தடை உயரமாக இருக்கும். விண்ணப்பங்கள் பெருகின, செலவும் பெருகியது. 2024இன் முதல் பாதியில் கருவூலம் சுமார் 8.7 கோடி டாலர் செலவழித்தது. அதில் ஏறத்தாழ 3.7 கோடி விளம்பரமும் மக்கள் தொடர்பும். சமூகத்துக்குள்ளேயே கடும் வாக்குவாதம் எழுந்தது.

மன்றத்தைக் கலைத்தது அவசரம் என்பது என் கருத்து. நெரிசலுக்கு மருந்து வேலையைப் பிரிப்பது: சிறிய செலவுகளுக்குத் தனிக் குழு, பெரியவற்றுக்கு மன்றம். பதின்மூன்று பேர் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படித்துக் கேள்வி கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோருக்குத் திறந்துவிட்டபோது வாக்களிக்க ஆள் கிடைத்தார்கள், படிக்க ஆள் குறைந்தார்கள்.

ஆர்பிட்ரம் என்ற சங்கிலி வேறு பாதையில் போனது. அங்கே தேர்ந்தெடுக்கப்படும் பாதுகாப்பு மன்றத்தில் 12 பேர். முக்கிய வேலை அவசர ஓட்டையை உடனே அடைப்பது. அதற்கும் ஒன்பது பேரின் கையொப்பம் வேண்டும். ஒரே நிறுவனத்திலிருந்து மூவருக்கு மேல் கூடாது. ஆறாறு பேராக மாறுவதால் ஒரே தேர்தலில் மொத்த மன்றத்தையும் யாரும் பிடிக்க முடியாது. வாக்குப்பதிவின் முதல் ஏழு நாளில் போடும் வாக்குக்கு முழு மதிப்பு. அடுத்த பதினான்கு நாளில் அது நாளுக்கு நாள் தேய்ந்து பூஜ்யத்துக்கு வந்துவிடும். கடைசி நேரத்தில் பெரும் பணத்தோடு வந்து முடிவைப் புரட்டுவது இதனால் முடியாது.

ஸ்டீமின் கதைக்குத் திரும்பினால், அங்கிருந்து வெளியேறியவர்கள் 2020 மார்ச் 20 அன்று ஹைவ் என்ற தனிச் சங்கிலியைத் தொடங்கினார்கள். பழைய பேரேட்டையே நகலெடுத்துக்கொண்டார்கள், ஆனால் ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்கை விட்டுவிட்டார்கள். புதிதாகப் பூட்டப்படும் நாணயத்துக்கு 30 நாள் கழித்துத்தான் சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்று பிறகு ஒரு விதி சேர்த்தார்கள். திடீரென்று வாங்கி, அன்றைக்கே வாக்களிக்கும் வழி அடைபட்டது. இருபது சாட்சிகள் இன்றும் இருக்கிறார்கள். ஒருவர் 30 பேருக்கு ஒப்புதல் தரலாம், முழுப் பலமும் முப்பது பேருக்கும் அப்படியே போகிறது. முப்பது நாள் பொறுத்திருக்கத் தயாரான பெரும்பங்குக்காரர் ஒருவர் வந்தால், அங்கே நாற்காலிகள் எண்ணப்படப்போவது மார்ச் 2இல் எண்ணப்பட்ட அதே கணக்கில்தான்.